மரம் சொல்லாததைச் சின்னம் சொல்லக் கூடாது
வாசகர் கேள்வி – பதில்

சிறுதொழில்களின் பெயர், சின்னம், நிறம் ஆகியவற்றைப் பற்றிக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொழிலைச் சுற்றியே அமைந்திருந்தன. காட்டை அழிக்காமல் பெற்ற மரத்தில், நீண்ட காலம் உழைக்கும் தளபாடங்களைச் செய்பவர்கள் தங்கள் தொழிலுக்கு எத்தகைய முகத்தைக் கொடுப்பது என்பதே அவற்றின் சாரம். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, உப்புவெளியில் எனது கணவரும் நானும் ஒரு தளபாடப் பட்டறை நடத்துகிறோம். மாமனார் காலத்திலிருந்து தொடரும் தச்சு வேலை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் நிலை, கதவு, கைமரங்களையும், வீட்டு வளவுகளில் வெட்டப்படும் வேம்பு, மகோகனி மரங்களையும் மட்டுமே பயன்படுத்துகிறோம். நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலிருந்து இப்போது வேலைகள் வரத் தொடங்கியுள்ளன. எனவே சின்னம் ஒன்றைச் செய்து தருமாறு ஒரு வடிவமைப்பாளரிடம் கேட்டோம். பச்சை இலை ஒன்றுக்குள் கதிரை இருப்பதுபோல் அவர் வரைந்து அனுப்பியிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அது எங்களுடையது என்ற எண்ணம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: உங்கள் தயக்கத்தை நம்புங்கள். வரைந்தவரின் கைத்திறனில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ‘சூழலைக் காக்கும் தளபாடம்’ என்ற ஒரு வரியை மட்டும் கையில் கொடுத்தால் எந்த வடிவமைப்பாளரும் இலையில்தான் போய் நிற்பார். அதே இலையைச் சவர்க்காரத்துக்கும் தேயிலைப் பொதிக்கும் மூலிகை எண்ணெய்க்கும் போடலாம்; போட்டும் இருக்கிறார்கள். அந்த இலை நல்லதொரு நோக்கத்தை அறிவிக்கிறதே தவிர, அந்த நோக்கம் நிறைவேறியதற்கு எதையும் காட்டவில்லை.

உங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தளபாடத்தின் நேர்மை கண்ணுக்குத் தெரியாது. காட்டில் களவாக வெட்டிய முதிரை மரத்தில் செய்த மேசையும், இரண்டு தலைமுறை ஒரு வீட்டின் வாசலில் நிலையாக நின்ற முதிரையில் செய்த மேசையும் பொலிஷ் பூசிய பின் ஒன்றுபோலவே மினுங்கும். அவற்றுக்கிடையிலான வேறுபாட்டை வாங்குபவரின் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் சின்னம், எழுத்து, நிறம், சீட்டு, ஒளிப்படம் ஆகிய எல்லாவற்றுக்கும் உள்ள வேலை. பட்டறையால் நிரூபிக்க முடிந்ததை மட்டுமே அவை சொல்ல வேண்டும். நிரூபிக்க முடிந்த எதையும் சொல்லாமல் விடவும் கூடாது. கீழே வேறு வாசகர்களுக்கு நான் சொல்லப்போகும் பதில்களும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தளபாட வரலாற்றிலும் முத்திரை இப்படித்தான் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரிஸ் நகரத்துத் தச்சர் சங்கம், தன் உறுப்பினர்கள் தாம் செய்யும் பொருளில் தம் பெயரை இரும்பு முத்திரையால் அடிக்க வேண்டும் என்று விதித்தது. பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில்தான் அதை அடித்தார்கள். அதை விளம்பரத்துக்காகச் செய்யவில்லை. வேலை பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காகச் செய்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த தோனெற் நிறுவனம் 1859இல் அறிமுகப்படுத்திய 14ஆம் இலக்கக் கதிரை இன்னொரு நல்ல உதாரணம். ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், அவற்றை இறுக்கும் இரண்டு சுரைகள் ஆகியவற்றால் ஆன அந்தக் கதிரையைக் கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள் அடங்கின. 1869இல் அவர்களது காப்புரிமை முடிந்ததும் பிறர் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தவை இருக்கையின் உட்புற விளிம்பில் இருந்த பெயர் முத்திரையும் ஒட்டுச்சீட்டுமே. ஆனால் அக்கதிரையை மக்கள் தூரத்திலிருந்தே இனங்கண்டது அதன் வளைந்த மரத்தால்தான். பொருளின் உருவமே முதல் அடையாளம். முத்திரை அதை உறுதிசெய்யும் கையொப்பம்.

ஆகையால் சின்னத்தைச் சிறிது காலம் ஒரு புறம் வைத்துவிட்டு, கணவரோடும் மாமனாரோடும் அமர்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். மரம் யாரிடமிருந்து, எந்தப் பத்திரத்தோடு வருகிறது. பொருத்துகள் எப்படிச் செய்யப்படுகின்றன. எங்கே ஆணி, எங்கே பசை. கால் ஆடினால் கழற்றித் திருத்த முடியுமா. எந்த மரத்தை, எந்த வேலையை நீங்கள் ஏற்பதில்லை என்பவையெல்லாம் அதில் வரட்டும். எழுதி முடித்ததும், பற்றுச்சீட்டாலோ அனுமதிப்பத்திரத்தாலோ ஒளிப்படத்தாலோ பொருளையே திருப்பிக் காட்டுவதாலோ மெய்ப்பிக்க முடியாத வரிகளை அடித்துவிடுங்கள். எஞ்சியிருக்கும் பக்கம்தான் வடிவமைப்பாளரிடம் நீங்கள் கொடுக்க வேண்டிய குறிப்பு. முடிந்தால் அவரைப் பட்டறைக்கு வரவழைத்து, மரத்தூளுக்கு நடுவே ஒரு காலைப்பொழுதை முழுமையாகக் கழிக்க வையுங்கள்.

அப்படி வருபவர் கவனிக்க வேண்டியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். மரத்துண்டின் முனையில் நாக்குப்போல் செதுக்கிய கழுந்தைத் துளைக்குள் இறக்குவதற்கு முன், எந்தக் கால் எந்தச் சட்டத்துக்குரியது என்று தெரிவதற்காகத் தச்சர்கள் இரண்டு துண்டுகளிலும் ஒரே குறியை இடுவார்கள். உளியால் வெட்டிய கோடோ பென்சில் கீறலோ எதுவாகவும் அது இருக்கலாம். உலகின் பல நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. கைக்குக் கை அந்தக் குறிகள் வேறுபடும். உங்கள் மாமனார் இடும் குறி எது என்று கேளுங்கள். இரண்டு மூன்று கோடுகளுக்குள் அடங்கும், உளியாலேயே வெட்டக்கூடிய, ஏற்கெனவே உங்கள் கதிரைகளின் உள்ளே மறைந்திருக்கும் அந்தக் குறியைவிட உங்களுக்குரிய சின்னத்தை எவராலும் புதிதாக வரைந்து தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றையது, பழைய மரத்தின் தழும்புகள். நிலையில் பிணைச்சல் இருந்த பள்ளம், ஆணித் துளை, கொண்டி விழுந்த இடம் ஆகியவற்றை மக்கு வைத்து மறைப்பதே வழக்கம். மறைக்காதீர்கள். யப்பானிய வழிவந்த அமெரிக்கத் தச்சரான ஜோர்ஜ் நகாஷிமா, பலகையின் விரிசலை ஒளிக்காமல் அதற்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்து விரிசல் மேலும் ஓடாமல் தடுத்தார். பிற்காலத்தில் அந்தத் துண்டே அவரது வேலையை அடையாளம் காட்டியது. நீங்கள் அவருடைய வடிவத்தை எடுக்க வேண்டாம். பிணைச்சல் பள்ளத்தைச் சதுரமாக்கி, வெளிர்நிற முதிரைத் துண்டு ஒன்றை அதில் பதித்து, உங்கள் எல்லாப் பொருள்களிலும் அதே முறையைக் கையாண்டால், பெயரைப் படிக்காமலே உங்கள் மேசையை இனங்காணும் கண்கள் சில ஆண்டுகளில் உருவாகும்.

சின்னத்தை மரத்தில் பதிப்பதற்குச் சூட்டு முத்திரையே உகந்தது. பித்தளையில் செதுக்கப்படும் அச்சில் உருவம் இடம் வலம் மாறியிருக்க வேண்டும். கோடுகள் ஒரு மில்லிமீற்றரைவிட மெல்லியதாக இருந்தால் சில மரங்களில் கருகிப் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். சுழி நிறைந்த ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் சிறிய அளவில் அடைபட்டுப்போகும். எனவே முத்திரையில் குறியை மட்டும் வைத்து, பெயரைச் சீட்டில் எழுதுவதே நல்லது. வேம்புக்கும் மகோகனிக்கும் முதிரைக்கும் ஒரே சூடும் ஒரே நேரமும் பொருந்தா. மிஞ்சிய துண்டுகளில் தனித்தனியே அடித்துப் பார்த்த பின்னரே பொருளில் அடியுங்கள். எண்ணெய் அல்லது மெழுகு பூசுவதற்கு முன் அடியுங்கள். முத்திரையின் இடம் இருக்கையின் அடிப்புறம், இழுப்பறையின் உட்பக்கம் போன்றவையாக இருக்கட்டும். விடுதிக்காரர் தன் விருந்தினருக்கு முன்னால் உங்கள் விளம்பரத்தை வைத்திருக்க விரும்பமாட்டார். ஆனால் விரும்பிக் கேட்கும் ஒருவருக்குக் கதிரையைக் கவிழ்த்துக் காட்டுவார்.

ஒரு வேண்டுகோள். பிரெட்ரிக் கோட்டையின் மானையும், கோணேசர் மலையின் உருவத்தையும், துறைமுகத்தின் கப்பலையும் சின்னத்தில் சேர்க்குமாறு உறவினர்கள் சொல்லக்கூடும். நம் ஊரின் மீது எனக்கும் பெரும் பற்றுண்டு. ஆனால் அவை உங்கள் பட்டறையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஊரில் உள்ள வேறு கடைகளும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. ஊரைக் காட்ட வேண்டுமானால், இந்த மரம் எந்தத் தெருவின் எந்த வகை வீட்டிலிருந்து வந்தது என்பதைச் சீட்டில் எழுதுங்கள். அதுவே உண்மையான திருகோணமலை.

கேள்வி: எங்கள் தளபாடக் கடைக்குப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். பச்சையைத் தவிர வேறு என்ன நிறம் பொருந்தும்? பிளெக்ஸில் அச்சடிப்பதுதான் மலிவு என்கிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

பதில்: கடையில் நிறத்தை ஏற்கெனவே மரம் கொண்டுவந்துவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். முதிரை வெளிர் பொன்னிறம். பலா மஞ்சளாகத் தொடங்கிக் காலப்போக்கில் பழுப்பாகிறது. மகோகனி வெளிச்சம் படப்படக் கருஞ்சிவப்பை நோக்கிச் செல்கிறது. அறுத்தவுடன் சீரற்ற நிறத்தோடு தோன்றும் தேக்கு நாளடைவில் பொன்பழுப்பாக அமைதியடைகிறது. இப்படித் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும் நிறங்களுக்கு நடுவே நீங்கள் சேர்க்கும் நிறம் அவற்றோடு போட்டியிடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு வெளிர் பின்னணியும் ஒரு கரிய மையும் போதும். மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டுமென்றால் அதைச் சீட்டின் நூலிலோ பொதியின் ஓரத்திலோ மட்டும் வையுங்கள்.

வெயிலையும் உப்புக்காற்றையும் எந்த நிறம் தாங்கும் என்பதையும் பாருங்கள். அச்சு மைகளில் மலிவான சிவப்பும் மஞ்சளும் வெயிலில் விரைவாக வெளிறுபவை. கரியிலிருந்து வரும் கறுப்பும், இரும்பு ஒட்சைட்டிலிருந்து வரும் மண் நிறங்களும் நிலைத்து நிற்பவை. மண்ணின் செம்மை மரத்துக்கு அழகாகவே பொருந்தும். ஆனால் அதை வெள்ளையோடு பட்டை பட்டையாகச் சேர்த்தால் கோயில் மதில் நினைவுக்கு வரும். மூன்று சமூகத்தவரும் வாங்க வர வேண்டிய கடையில் எந்த நிறச் சேர்க்கை எந்தச் சமயத்தை அல்லது கட்சியை நினைவூட்டுகிறது என்பதை, பலகை எழுதும் முன்னரே அயலவர் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதையும் விவேகமும் ஆகும்.

பிளெக்ஸைப் பற்றி என் கருத்து உறுதியானது. அது பீ.வீ.சீ. பூசிய துணி, கிழிந்த பின் அதை மீள்சுழற்சிக்குக் கொடுப்பது மிகக் கடினம். மரத்தை வீணாக்காதவர் என்று எழுதிய வாசகத்தையே அதில் அச்சடித்துத் தொங்கவிடுவது உங்கள் சொல்லை நீங்களே மறுப்பதாகும். நீங்கள் தளபாடம் செய்பவர். உங்கள் பெயர்ப்பலகைதான் தெருவில் நிற்கும் உங்கள் முதல் வேலைப்பாடு. வைரம் பாய்ந்த பழைய பலகையில் எழுத்துகளை வெட்டி, கூரையின் இறவாரத்துக்கு உள்ளே மழைபடாத இடத்தில் மாட்டுங்கள். சாதாரண இரும்பு ஆணியைத் தவிர்க்கவும். கடலோரக் காற்றில் அது துருப்பிடிக்கும். பல மரங்களில் உள்ள துவர்ப்புப் பொருள் ஈர இரும்போடு சேர்ந்து கருங்கறையாக வழியும். பித்தளை அல்லது துருவேறா உருக்குத் திருகாணி சற்று விலை கூடியதாயினும் ஒரு முறைச் செலவு.

திரையில் தெரியும் நிறமும் அச்சில் விழும் நிறமும் ஒருபோதும் முழுமையாக ஒத்துவரா. திரை ஒளியைக் கலக்கிறது, அச்சகம் மையைக் கலக்கிறது. தேர்ந்தெடுத்த நிறத்தை ஒரு சிறு பலகைத் துண்டில் பூசி வைத்து, அச்சகத்துக்குப் போகும்போதெல்லாம் அதைக் கொண்டுபோய் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கடையின் பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும். ஆங்கிலச் சின்னம் அழகாக வந்துவிட்டது. ஆனால் தமிழைச் சேர்த்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. ஏன்?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: ஆங்கிலத்தில் தொடங்கியதே காரணம். ஆங்கில எழுத்துகளுக்கு அளந்து வெட்டிய பெட்டிக்குள் தமிழைப் பின்னர் கொண்டுபோய்த் திணிக்கும்போது, ஒன்றில் எழுத்தை நசுக்குகிறார்கள். அல்லது அரை அளவாகச் சுருக்கி ஓர் ஓரத்தில் வைக்கிறார்கள். சொந்த ஊரின் மொழி சொந்த ஊரின் கடையில் அடிக்குறிப்பாகிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழிலிருந்து தொடங்குங்கள். இடத்தை அதிகம் கேட்பது அதுதான். அதற்குப் போதிய இடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக அமையும்.

தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் முடியும் பெயர் தமிழில் அதைவிட நீண்டு கிடக்கலாம். இகர, ஈகார விசிறிகள் எழுத்தின் மேலே எழுகின்றன. உகர, ஊகாரங்கள் கீழே இறங்குகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப்போல் தலையும் அடியும் சமமாக வெட்டிய தோற்றம் இங்கே கிடையாது. சிங்கள எழுத்தும் மேலும் கீழும் உயிர்க்குறிகளைச் சுமப்பதோடு, முழுமையாக வட்டத் தன்மை கொண்டது. ஆகவே மூன்றையும் ஒரே புள்ளி அளவில் இட்டால் ஒரே அளவாகத் தெரியமாட்டா. அளவு எண்ணைப் பார்க்காமல் கண்ணால் அளந்து, கோட்டின் தடிப்பு மூன்றிலும் ஒன்றாக இருக்குமாறு பாருங்கள். வடிவங்கள் வேறாக இருந்தாலும் தடிப்பு ஒத்திருந்தால் மூன்றும் ஒரே கை எழுதியவைபோல் தோன்றும். ஆங்கிலத்துக்கு ஏற்றாற்போல் தமிழ் எழுத்தின் வளைவுகளை வெட்டி நேராக்கும் முயற்சியை அனுமதிக்காதீர்கள். அப்படிச் செய்த பெயர்கள் படிக்க முடியாமல் போனதை நம் வீதிகளிலேயே காணலாம்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, நோட்டோ என்ற குடும்பம் மூன்று மொழிகளுக்கும் உண்டு. அது திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பதால் விலைச்சீட்டு, பற்றுச்சீட்டு, பட்டியல் ஆகியவற்றுக்குத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். தலைப்புகளுக்கு முக்த மலர் போன்றவையும் உள்ளன. ஆனால் கடையின் பெயரை மட்டும் எழுத்துருவிலிருந்து எடுக்காமல், கையால் பலகை எழுதும் ஓவியர் ஒருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம் என்பது என் விருப்பம். தூரிகை பிடித்துப் பழகிய அந்தக் கைகளுக்கு மூன்று மொழி எழுத்தையும் ஒரே பலகையில் அமர்த்தும் நுட்பம் பல ஆண்டுப் பழக்கத்தால் வந்தது. அவர் எழுதியதை ஒளிவருடி, கணினியில் கோடுகளாக மாற்றிக்கொண்டால் அது உங்களுக்கு மட்டுமே உரிய எழுத்தாகிறது.

இலங்கை அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய முறை. ஆங்கில விசைகளின் மீது தமிழ் உருவங்களை ஏற்றியது. அதில் அடித்த உங்கள் பெயரை இணையத்தில் எவரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒருங்குறியில் கேட்டுப் பெறுங்கள். இதற்கு மாறாக, ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். அச்சுக்குப் போகுமுன் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி, தமிழைத் தமிழ் வாசகர் ஒருவரும் சிங்களத்தைச் சிங்கள வாசகர் ஒருவரும் பிழை பார்த்த பின்னரே அனுமதி கொடுங்கள்.

கேள்வி: ‘சூழல்நேயத் தளபாடம்’, ‘100% இயற்கை’ என்று சீட்டில் அச்சிடலாமா? மரத்தின் படத்தோடு எப்.எஸ்.சீ. என்ற எழுத்துகள் உள்ள முத்திரையைச் சிலர் போடுகிறார்களே, நாங்களும் போடலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: இரண்டுக்கும் என் பதில், வேண்டாம் என்பதே.

எப்.எஸ்.சீ. என்பது காடுகளின் பொறுப்பான பராமரிப்பைச் சான்றுப்படுத்துவதற்காக 1993இல் தொடங்கப்பட்ட சர்வதேச அமைப்பு. மரம் வெட்டப்பட்ட காட்டிலிருந்து விற்பனைப் பொருள் வரை ஒவ்வொரு கைமாற்றமும் பரிசோதிக்கப்பட்டவர்களுக்கே அதன் முத்திரை கிடைக்கும். 100 வீதம், கலப்பு, மீள்சுழற்சி என மூன்று வகை முத்திரைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் உரிமம் பெற்றவரின் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கிய பலகையில் அந்த முத்திரை இருந்தது என்பதால், உங்களுக்குச் சான்றிதழ் இல்லாத நிலையில் நீங்கள் செய்த மேசையில் அதை இடும் உரிமை வந்துவிடாது.

பொதுப்படையான சொற்களைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர் தாமே செய்யும் சூழல் சார்ந்த கூற்றுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேச நியமம் தெளிவாகவே பேசுகிறது. ‘சூழலுக்கு உகந்தது’, ‘பூமிக்குப் பாதுகாப்பானது’ போன்ற தெளிவற்ற கூற்றுகளைப் பயன்படுத்தக் கூடாது. நிலைபேறான தன்மையை அடைந்துவிட்டதாகவும் எவரும் கோரக் கூடாது என்கிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் கூற்றுகளைத் தடுக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதை நான் சொல்லவில்லை. ‘இயற்கை’ என்று எழுதிய அலுமாரியின் பின்பலகை, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எப்.ஆக இருப்பதை வாங்கியவர் ஒரு நாள் கண்டுவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

அந்தச் சொற்களுக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘இம்மேசையின் மேற்பலகை, நகரத்தில் இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் கதவு நிலைகளிலிருந்து எடுக்கப்பட்ட முதிரை. கால்கள் தம்பலகாமத்து வளவு ஒன்றில் வெட்டப்பட்ட வேம்பு. பின்பலகை புதிய ஒட்டுப்பலகை. மேற்பூச்சு ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும். கால்களைக் கழற்றலாம், ஆட்டம் கண்டால் கொண்டுவாருங்கள், திருத்தித் தருவோம்.’ ஒட்டுப்பலகையை மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். குறையையும் சொல்லும் சீட்டுக்குத்தான் நிறையைச் சொல்லும் தகுதி உண்டு.

இத்தகைய சீட்டை எழுதுவதற்கு ஆவணம் வேண்டும். மரக்காலையில் வாங்கியதற்கான பற்றுச்சீட்டு, மரத்தை ஏற்றிவந்ததற்கான அனுமதிப்பத்திரம், இடிக்கப்பட்ட வீட்டு உரிமையாளரின் கையொப்பமிட்ட கடிதம் ஆகியவற்றை ஒரே கோவையில் வைத்து, ஒவ்வொரு மரத்தொகுதிக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கம் பொருளின் முத்திரைக்குப் பக்கத்தில் வரட்டும். பலா, பெண்பனை போன்றவற்றை வெட்டுவது 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவதால், வளவு மரம் என்றாலும் அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பொதி கட்டுவதும் இதே சீட்டின் தொடர்ச்சிதான். மூலைகளுக்கு றெஜிபோம் என்ற பிளாஸ்டிக் நுரை அட்டை வைப்பதை விட்டு, பழைய அட்டையும் தும்புக் கயிறும் பயன்படுத்துங்கள். ஒரே நிற மையில், ஓர் இறப்பர் முத்திரையால் பெயரை அடித்தால் போதும்.

கேள்வி: பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டோம். அத்தோடு சின்னமும் பாதுகாக்கப்பட்டுவிடுமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: இல்லை. அது வியாபாரப் பெயரின் பதிவு மட்டுமே. சின்னத்துக்கான தனியுரிமை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிவதால் கிடைக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். தளபாடங்கள் சர்வதேச வகைப்படுத்தலில் 20ஆம் வகுப்பில் அடங்குகின்றன. விண்ணப்பிக்கும் முன், அதே வகுப்பில் ஒத்த குறி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். ஊரின் பெயரை மட்டுமோ, ‘நல்ல மரக் கதிரை’ என்பதுபோல் பொருளை விவரிக்கும் சொல்லை மட்டுமோ குறியாகப் பெறுவது கடினம்.

வடிவமைப்பாளரிடமிருந்து சின்னத்தின் பதிப்புரிமையை எழுத்தில் மாற்றிப் பெறுங்கள். எந்த அளவுக்கும் பெருக்கக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வார்ப்புருக்களிலிருந்து எடுத்த உருவத்தை உலகில் வேறு எவரும் பயன்படுத்தலாம். அதற்குத் தனியுரிமை கோர நீங்கள் செலவிடும் பணம் வீண்.

கேள்வி: ஒளிப்படக் கலைஞரை அழைக்கப் பணம் இல்லை. கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்களை முகநூலில் போடுகிறோம். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.
– வாசகர், நிலாவெளி

பதில்: கைத்தொலைபேசியே போதும், ஒழுங்குதான் வேண்டும். ஒரே சுவர், ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே நேரம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கிழக்குக் கரையில் காலை வெளிச்சம் கடலிலிருந்து நேராக வருகிறது. சூரியன் சற்று உயர்ந்த பின், திறந்த வாசலுக்கு உட்புறமாகப் பொருளை வைத்தால் மரத்தின் வரிகள் தெளிவாகத் தெரியும். நண்பகலில் எடுக்க வேண்டாம். மாரிகால மேகமூட்டத்தின் சமமான வெளிச்சம் மிக நல்லது. கச்சான் காற்றுக் காலத்தில் மெருகின்மேல் படியும் தூசியைத் துடைத்துவிட்டு எடுங்கள். நிறத்தை மாற்றும் வடிகட்டிகள் எதையும் போடாதீர்கள். படத்தில் கண்ட பொன்னிறத்தை நம்பி வாங்கியவரின் வீட்டுக்குப் பழுப்பு மேசை போய்ச் சேர்ந்தால், அந்தப் படம் சொன்னது பொய்.

ஒவ்வொரு பொருளுக்கும் முழு உருவம், ஒரு பொருத்து, முத்திரை தெரியும் அடிப்புறம், ஒருவர் அதில் அமர்ந்திருப்பது ஆகிய நான்கு படங்களை எப்போதும் ஒரே வரிசையில் போடுங்கள். ஒருவர் அமர்ந்திருக்கும் படம் அளவை எந்த எண்ணையும்விட விரைவாகச் சொல்லும். ஆனாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் கீழே எழுதுங்கள்.

மேலும் ஒன்று. விடுதிகளுக்குக் கொடுத்த பொருள்களைச் சில ஆண்டுகள் கழித்து, அவர்களிடம் அனுமதி கேட்டு, திரும்பவும் படமெடுங்கள். ஈரத் துவாலை பட்ட கறை, கைப்பிடியில் ஏறிய வழுவழுப்பு, மாற்றிய ஒரு சட்டம் எல்லாம் அதில் தெரியட்டும். புதிதாக இருந்தபோது எடுத்த படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, இரண்டின் கீழும் திகதியை எழுதுங்கள். திருத்த வேலை ஏதேனும் செய்திருந்தால் அது எந்த மாதத்தில், என்ன காரணத்துக்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நீண்ட காலம் உழைக்கும் என்று கூறும் தளபாடக்காரரிடம் விவரமறிந்த வாடிக்கையாளர் கேட்கப்போவது அந்த இரண்டாவது படத்தைத்தான்.